அறுபது சென்டிமீட்டர் கதவு

ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவள், பெற்ற தாயின் படிவத்தில் கோட்டை விட்டாள் என்றால் யார் நம்புவார்கள்? இசைவாணியே நம்பவில்லை. போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றி வைத்துக்கொண்டு, "என்னடா சொல்ற?" என்று தம்பியிடம் இரண்டாம் முறையாகக் கேட்டாள்.

"கப்பல் ஆபீசுல திருப்பி அனுப்பிட்டாங்கக்கா. ஸ்கூட்டர் அகலம் எவ்ளோன்னு போட்ட?"

"அம்பத்தெட்டு சென்டிமீட்டர். பில்லுல அப்படித்தான இருக்குது."

"பில்லுல இருக்குது. நீ அளந்தியா?"

அளக்கவில்லை.

விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் ஒன்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறாள். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், சாதிச் சான்றிதழ் என்று நாளெல்லாம் தட்டிக்கொண்டே இருப்பாள். "ஒரு எழுத்து மாறினாலும் திரும்பி வந்துடும், பாத்துச் சொல்லுங்க" என்று வருகிறவர்களை மிரட்டுவாள். அப்படிப்பட்டவள் வீட்டு வேலை என்றதும் பழைய பில்லைப் பார்த்துத் தட்டிவிட்டிருக்கிறாள். அடுத்தவர் வீட்டு விஷயம் என்றால் பத்து தரம் பார்ப்போம், நம் வீட்டு விஷயம் என்றால் எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு. நம்மில் யாருக்குத்தான் அது இல்லை?

இவர்கள் கதை உங்களுக்குத் தெரியும். புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இசைவாணியின் அம்மா இருதயமேரி, திண்டிவனத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சர்க்கரை நோய் அவள் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டு மூன்று வருஷம் ஆகிறது. அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான் மகன் அறிவுச்செல்வன் பிரபாவதியைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டான். பெண்ணின் அப்பா நடராசன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து, தெருவில் நின்று சாதியைச் சொல்லிப் பேசிய பேச்சை இன்றைக்கும் அந்தத் தெரு மறக்கவில்லை. அந்த ஆத்திரத்தில், "அந்தாளு பொண்ணு என் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள் இருதயமேரி. "அவ மிதிக்காத படிய நானும் மிதிக்க மாட்டேன்" என்று கிளம்பிப் போனவன்தான் மகன். சொகுசுக் கப்பலில் ரூம்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. அம்மாவுக்கு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கி அனுப்பினான். வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அம்மாவும் பிள்ளையும் பேசிக்கொள்வது இசைவாணி வழியாகத்தான்.

இப்போது அவன் கப்பல் அடுத்த மாசம் சென்னையில் கிளம்பி மூன்று நாள் கடலைச் சுற்றி வரப்போகிறது. வேலை செய்கிறவர்கள் வீட்டாருக்கு இரண்டு பேர் தங்குகிற ஒரு ரூம் கொடுக்கிறார்கள். "நான் வீட்டுக்கு வர மாட்டேன்னுதான சொன்னேன், அவங்க கப்பலுக்கு வரலாமே" என்று மகன் தூது விட்டான். ஒரு மாசம் பிடிவாதம் பிடித்த அம்மா, போன வாரம்தான் இறங்கி வந்தாள். அதற்கும் ஒரு நிபந்தனை.

"என் ஸ்கூட்டர் வந்தா நான் வரேன். எவனோ பின்னால நின்னு தள்ளிக்கினு போற நாற்காலில உக்காந்து எம்புள்ள முன்னாடி போயி நிக்க மாட்டேன்."

அந்த ஸ்கூட்டருக்குத்தான் இப்போது வினை வந்திருக்கிறது.

"பின் சக்கரத்துக்குக் குறுக்கால டேப்பு வெச்சி, நம்பர் தெரியற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பணும்க்கா. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள. அதுக்கு அப்பால லிஸ்ட மூடிடுவாங்க" என்றான் அறிவுச்செல்வன். "ரூம் கதவு அறுபது சென்டிமீட்டர். அகலக் கதவு வெச்ச ரூம் நாலே நாலுதான், எல்லாம் எப்பவோ போயிடுச்சு."

"அறுபதுக்கு மேல இருந்துச்சுன்னா?"

"ஸ்கூட்டர் துறைமுகத்துலயே நின்னுடும்."

ஸ்கூட்டர் நின்றால் அம்மாவும் நின்றுவிடுவாள். இசைவாணி மணி பார்த்தாள். பதினொன்று நாற்பது. பட்டாவுக்காகக் காத்திருந்த பெரியவரிடம், "நாளைக்கு காலைல மொத ஆளா வாங்க, கோச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஷட்டரை இழுத்தாள். பக்கத்து தையல் கடையில் டேப்பு வாங்கினாள். நாலடி போனதும், துணி டேப்பு இழுத்தால் நீளுமே என்று நினைப்பு வந்தது. திரும்பி ஓடி ஹார்டுவேர் கடையில் இரும்பு டேப்பு வாங்கினாள்.

திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் நிம்மதியாக உட்கார முடியவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. டேப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்தாள். டக் டக் என்று அது உள்ளே போகிற சத்தம் கேட்டு, பக்கத்தில் அவித்த மல்லாட்டையைத் தோல் உரித்துத் தின்றுகொண்டிருந்த அம்மாள், "இன்னாம்மா, வீடு கட்டறியா?" என்று கேட்டாள். சிரிக்கக்கூடத் தோன்றவில்லை. கூட்டேரிப்பட்டு தாண்டும்போது மணி ஒன்று.

* * *

வீட்டில் அப்பா சவுரிராயன் வாசலில் உட்கார்ந்து ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நகராட்சித் தண்ணீர்த் தொட்டியில் முப்பது வருஷம் மோட்டார் போட்டவர். எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் துடைக்க வேண்டும். டிசம்பரில் குடலிறக்க ஆபரேஷன் ஆனதிலிருந்து அது ஒன்றுதான் வேலை.

"இன்னாம்மா, சொல்லாம கொள்ளாம வந்துட்ட?"

"அப்பா, கொஞ்சம் நவுருங்க."

இசைவாணி மண்டியிட்டு டேப்பை நீட்டினாள். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு சக்கரம் உள்ள வண்டி. இந்தச் சக்கரத்தின் வெளி விளிம்பிலிருந்து அந்தச் சக்கரத்தின் வெளி விளிம்பு.

எழுபத்தொன்று.

டேப்பைச் சுருட்டிவிட்டு மறுபடி வைத்தாள். எழுபத்தொன்று. அந்தப் பக்கத்திலிருந்து வைத்தாள். டேப்புக்கு என்ன, அது இருப்பதைத்தான் சொல்லும்.

"பில்லுல அம்பத்தெட்டுன்னு இருக்குது. பதிமூணு சென்டிமீட்டர் எங்கேர்ந்துப்பா வந்துச்சு?"

சவுரிராயன் துணியை உதறி, மடித்து, மறுபடி உதறினார். பதில் உள்ளேயிருந்து வந்தது.

"மெக்கானிக் விருத்தாசலம் கடையில பெரிய அச்சு போட்டோம்" என்றாள் இருதயமேரி. கட்டிலில் மூன்று புடவைகளைப் பரப்பி வைத்து, கப்பலுக்கு எது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான ஓடுது? இப்ப இன்னா அதுக்கு?"

"எதுக்கும்மா மாத்துனீங்க?"

"சாஞ்சிடுச்சு."

"வண்டியா, நீயா?"

"ரெண்டும்தான்."

அம்மா விழுந்திருக்கிறாள். ஒரே காலோடு, ரோட்டில். மாமியார் வீட்டில் இருக்கிற மகளுக்கு ஒரு வார்த்தை இல்லை. தினமும் சாயங்காலம் போன் பண்ணி, "சாப்டியா, மாத்திரை போட்டியா" என்று கேட்கிறாளே, அதற்கு "உம், உம்" என்று பதில் சொன்ன வாய் இது.

"எப்ப விழுந்த?"

"தை மாசம். நாலு மாசம் ஆச்சு. முட்டில லேசா சிராய்ப்பு. உங்கிட்ட சொன்னா ஸ்கூட்டர புடுங்கி உள்ள வெச்சி பூட்டிடுவ. அதான் சொல்லல."

அது உண்மைதான். அதனால்தான் இசைவாணிக்குக் கோபம் இன்னும் ஏறியது. ஆனால் கோபப்பட நேரம் இல்லை. தம்பிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"எழுவத்தொண்ணுடா."

அந்தப் பக்கம் அவன் உச்சுக்கொட்டுவது கேட்டது.

சவுரிராயன் போனுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். "தம்பி, கதவுல நொழையலன்னா இன்னாடா? ரூமுக்கு வெளிய வராண்டா இருக்குமில்ல? செருப்பு வுடற மாதிரி ஓரமா வுட்டுட்டுப் போறோம். நம்ம தெருவுல எவன் வண்டிய வீட்டுக்குள்ள ஏத்தறான்?"

"அது மட்டும் கூடவே கூடாதுப்பா."

"ஏண்டா, தேஞ்சா போயிடும்?"

"நான் மொத கப்பல்ல இருந்தப்போ ஒரு நாளு துணி தொவைக்கிற எடத்துல பொகை கெளம்பிடுச்சு. கரண்டும் கட்டு. வராண்டா அகலமே மூணு நாலு அடிதான், ரெண்டு பக்கமும் ரூமு. எல்லாரும் வெளிய ஓடியாறாங்க. நடுவுல எவரோ ஒருத்தரு ஸ்கூட்டர வாசல்ல வுட்டு வெச்சிருந்தாரு. முன்னால வந்தவங்க அதுல மோதி வுழ, பின்னால வந்தவங்க அவங்க மேல வுழ… இருட்டுல ஒரே அலறல். நான் போய்தான் அத இஸ்து ரூமுக்குள்ள தள்ளுனேன். பெரிய நெருப்பு இல்ல, தப்பிச்சோம். என் விரலு மட்டும் சக்கரத்துல மாட்டி ஒடைஞ்சிபோச்சு."

சவுரிராயன் போனை விட்டு நிமிர்ந்தார்.

"அதனாலதான் ஸ்கூட்டர் ரூமுக்குள்ளதான் இருக்கணும். பேட்டரிய கயட்டி, வண்டிய மடக்கி, கட்டிலுக்கும் சொவுத்துக்கும் நடுவுல வெச்சி பெல்ட்டு போட்டு கட்டணும். இல்லன்னா கப்பல் ஆடறப்ப அது உருண்டு வந்து ஆள இடிக்கும். எங்கம்மா வண்டியில இன்னொரு அம்மா மோதி வுழுந்தா நல்லாவா இருக்கும்?"

இருதயமேரி கையில் இருந்த புடவையைக் கீழே வைத்தாள். மகளைப் பார்த்து, "எந்த விரலுன்னு கேளு" என்றாள்.

"எந்த விரலுடா?"

"சுண்டு வெரலு. எடது கை. இப்ப சரியாயிடுச்சுன்னு சொல்லு."

"ஏன் சொல்லலன்னு கேளு."

"சொல்லி இன்னா ஆவப்போவுது, கஷ்டப்படுவாங்கன்னுதான் சொல்லலன்னு சொல்லு."

அம்மாவும் பிள்ளையும் ஒரே அச்சு. இவள் விழுந்ததைச் சொல்ல மாட்டாள், அவன் விரல் ஒடிந்ததைச் சொல்ல மாட்டான். நடுவில் கிடந்து லோல்படுகிறவள் இசைவாணி. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எழுந்து வாம்மா. விருத்தாசலம் கடைக்குப் போலாம். ஜல்தி" என்றாள்.

* * *

மரக்காணம் ரோட்டில் இருக்கிறது அந்தப் பட்டறை. இருதயமேரி தன் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் மொபெட்டில் அப்பா, அப்பாவுக்குப் பின்னால் இசைவாணி. அம்மாவின் கழுத்து நிமிர்ந்திருந்தது. எதிரே வந்த ஆட்டோக்காரன் ஒதுங்கி வழிவிட்டான். தள்ளு நாற்காலியில் இந்தக் கழுத்து இப்படி நிமிராது என்பது இசைவாணிக்கு அப்போது புரிந்தது.

விருத்தாசலத்துக்கு அறுபது வயசிருக்கும், வாய் சும்மா இருக்காது. விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"நல்லா பண்ணீங்க போ. மாத்துன்னீங்க, மாத்துனேன். இப்ப திரும்ப மாத்துன்றீங்க. பழைய அச்சு தோ சொவுத்துல மாட்டி வெச்சிருக்கேன், தூக்கிப் போடல. ஒரு மணி நேரம் ஆவும். ஆனா ஒண்ணு, சின்ன அச்சுல வேகமா திரும்புனா மறுபடியும் கவுத்துடும். அதுக்கு அப்பால எங்கிட்ட வந்து அழாதீங்க."

"மெதுவா ஓட்டறேன்" என்றாள் இருதயமேரி.

மணி இரண்டே முக்கால். விருத்தாசலம் ஸ்பானரைத் தேட, சவுரிராயன், "பேட்டரிய நான் எடுக்கறேன்" என்று சீட்டுக்கு அடியில் கையை விட்டார். பாதி தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. இசைவாணி ஓடிப் போய் பேட்டரியைத் தாங்கிக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா, கொஞ்சம் சுருக்குன்னுச்சு."

"டாக்டர் தண்ணிக் கொடம் கூட தூக்கக் கூடாதுன்னாருப்பா."

விருத்தாசலம் கீழே படுத்து நட்டைக் கழற்றிக்கொண்டே பேசினார். "ஆம்பள நீ ஒரு பேட்டரிக்கே உக்காந்துட்ட. அன்னிக்கு ஒரு பொண்ணு இந்த மொத்த வண்டியயும் ஒண்டியா தூக்கி டாட்டா ஏஸ்ல ஏத்திக்கினு வந்துச்சு. இடுப்புல கொழந்த வேற."

சவுரிராயன் மனைவியைப் பார்த்தார். "பொண்ணா? ஏதோ பசங்க தூக்கி விட்டாங்கன்னு சொன்ன?"

"யாரோ ரோட்டுல போற பொண்ணு" என்றாள் இருதயமேரி.

"எங்கம்மா விழுந்த நீ?" என்றாள் இசைவாணி.

"ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட."

"அங்க நமக்கு யாரு இருக்காங்க?"

"யாராவது இருந்தாதான் போவணுமா? காத்தாட போனேன். அவரு வேலைய பாக்கட்டும், பேச்சு குடுக்காத."

நட்டு ஒன்று துருப்பிடித்துக்கொண்டு வர மறுத்தது. எண்ணெய் விட்டார், தட்டினார், திட்டினார். மூன்றரை ஆயிற்று. இசைவாணி பட்டறைக்கும் ரோட்டுக்கும் நடையாய் நடந்தாள். விழுப்புரத்திலிருந்து இரண்டு பேர் போன் பண்ணி, கடை ஏன் மூடியிருக்கிறது என்று கேட்டார்கள். நாலு மணிக்குப் பழைய அச்சு ஏறியது. நாலு ஐந்துக்கு டேப்பை வைத்தாள்.

ஐம்பத்தெட்டு.

போட்டோ எடுத்தாள். அவசரத்தில் மங்கலாக விழுந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி எடுத்து அனுப்பினாள். பட்டறை வாசலில் டீ வாங்கிக் கொடுத்தார் விருத்தாசலம். கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் போனையே பார்த்தார்கள்.

நாலு முப்பத்திரண்டுக்குக் கப்பல்காரர்களிடமிருந்து பதில் வந்தது. அளவு சரி, ஸ்கூட்டர் வரலாம். இருதயமேரி மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். இசைவாணி மட்டும் கீழே படித்துக்கொண்டே போனாள்.

"இன்னும் ஒண்ணு கேக்கறாங்க. கூட வர்றவங்க பேட்டரிய கயட்டி, வண்டிய தூக்கி உள்ள வெச்சி கட்டற அளவுக்குத் தெம்பு உள்ளவங்களா இருக்கணுமாம். அப்படின்னு எழுதிக் குடுக்கணும். அப்பா பேரு போட்டிருக்கோம், வயசப் பாத்து சந்தேகப்படறாங்க. வேற ஆளுன்னா பேரும் ஆதார் நம்பரும் அஞ்சுக்குள்ள தரணும்."

"நான் தூக்குவேன்" என்றார் சவுரிராயன்.

"தூக்குவீங்க. அப்பால உங்கள யாரு தூக்கறது?" என்றாள் இருதயமேரி.

அவர் டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாசமாக அந்த மனுஷன் கப்பல், கப்பல் என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இசைவாணிக்கு அப்பாவைப் பார்க்கவே முடியவில்லை.

வேறு யார் இருக்கிறார்கள்? மகளுக்குப் பரீட்சை. கடை மூன்று நாள் மூடிக் கிடக்கும். மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். பரவாயில்லை, எல்லாவற்றையும் சமாளித்துக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணி, உடன் வருபவர் என்ற கட்டத்தில் தன் பெயரைத் தட்ட ஆரம்பித்தாள்.

"யாரு பேர போடற?"

"என் பேருதான். வேற யாரு?"

"அழி" என்றாள் இருதயமேரி.

"அம்மா, மணி நாலே முக்கா. வெளயாடாத."

"உனக்கு எடுப்பு சாப்பாட்டுக் கேரியர தூக்கவே தெம்பு பத்தாது. நீ எங்க வண்டிய தூக்கப் போற? அன்னிக்கு தூக்குச்சே ஒரு பொண்ணு, அந்தப் பொண்ணு பேர போடு."

"ரோட்டுல போற பொண்ணு பேரு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

இருதயமேரி ஸ்கூட்டரின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தாள். நிமிராமலேயே சொன்னாள்.

"பிரபாவதி."

சவுரிராயனின் கையிலிருந்த கிளாஸ் சாய்ந்து வேட்டியெல்லாம் டீ.

"அது அங்கதான வாடகைக்கு இருக்குது. எம் பேரக் கொழந்தய ஒரு தரம் பாக்கலாமேன்னு போனேன். தெருமுனை வரைக்கும் போயிட்டேன். தைரியம் வரல. வண்டிய வேகமா திருப்பினேன், கவுந்துடுச்சு." இருதயமேரி இன்னும் கைப்பிடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓடியாந்து தூக்குனா. 'வலிக்குதா அத்த'ன்னு கேட்டா. நான் வாயே தொறக்கல. அவளும் அப்பால ஒண்ணும் கேக்கல. என்னையும் வண்டியயும் இங்க கொணாந்து வுட்டுட்டுப் போயிட்டா."

"நீதான அவ வாசப்படி மிதிக்கக் கூடாதுன்ன?" இசைவாணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஆமா, சொன்னேன். வீட்டு வாசப்படியத்தான சொன்னேன். கப்பல சொன்னேனா?"

கப்பலில் இருக்கிற மகன் சொன்ன அதே நியாயம். இந்த வீட்டில் யாரும் தோற்க மாட்டார்கள், பக்கத்தில் ஒரு வழி கண்டுபிடிப்பார்கள்.

"போன் போடு. ஆதார் நம்பர் வேணுமில்ல" என்றாள் இருதயமேரி. "ஸ்பீக்கர்ல போடு. நான் பேசறேன்."

நாலு வருஷமாக இசைவாணியின் போனில் சும்மா கிடந்த நம்பர். மணி அடித்தது. நாலாவது மணிக்கு எடுத்தாள்.

"அண்ணி?" பதறிய குரல். "அத்தைக்கு இன்னா ஆச்சு அண்ணி? மறுபடியும் வுழுந்துட்டாங்களா?"

இசைவாணி போனை அம்மாவின் வாய்க்கு நேரே நீட்டினாள். சத்துணவுக் கூடத்தில் இருநூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைத்த வாய், இரண்டு முறை திறந்து மூடியது.

"வலிச்சிச்சும்மா" என்றாள் இருதயமேரி. "அன்னிக்கு கேட்டியே. ரொம்ப வலிச்சிச்சு."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை எதையோ கேட்டுச் சிணுங்கியது. அதற்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, ஓர் ஆண் குரல்.

"யாரும்மா போன்ல?"

அந்தக் குரலை மூன்று பேருக்கும் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் தெருவில் நின்று கத்திய குரல். நடராசன், மகள் வீட்டுக்கு எப்போது வந்தார், எதற்கு வந்தார்? இருதயமேரியின் கை கைப்பிடியை இறுக்கிப் பிடித்தது. சவுரிராயன், "கட் பண்ணிடும்மா" என்று ஜாடை காட்டினார்.

"யாருன்னு கேக்கறேன்ல?" என்றது குரல், இன்னும் கிட்டத்தில்.

"என் மாமியாருப்பா" என்றாள் பிரபாவதி.

மணி நாலு ஐம்பத்தொன்று. ஆதார் எண்ணுக்கான பன்னிரண்டு கட்டங்களும் காலியாக இருந்தன.